லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்

கேள்வி: கம்ப்யூட்டர்களில் ‘ஒய்-டூ-கே’ கோளாறைச் சரிசெய்யும் வேலைக்காக என் அப்பா 1998-ல் எங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். நியூஜெர்சியின் எடிசன் நகரில் நான்கு வருடம் இருந்துவிட்டு 2002-ல் கோவைக்குத் திரும்பினோம். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, தம்பி அங்கே பள்ளி நாட்களில் சேர்த்த போக்கிமான் கார்டுகள் ஒரு நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன. மொத்தம் 143. நெருப்புக் கக்கும் சாரிசார்டும் அவற்றில் ஒன்று. கல்லூரியில் படிக்கும் அத்தை மகன், “அக்கா, இது பல லட்சம் போகும், கிரேடிங்குக்கு அனுப்புங்கள்” என்கிறான். பெங்களூரிலிருந்து ஒருவர் டப்பாவோடு 15,000 ரூபாய்க்குக் கேட்கிறார். சிட்னியில் இருக்கும் தம்பி, “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டான். கிரேடிங் என்றால் என்ன, அது தேவைதானா? கார்டுகளை ஈரத்துணியால் துடைத்து லேமினேட் செய்துவைக்கலாம் என்று நினைக்கிறேன். அதே டப்பாவில் பல பேருடைய கையெழுத்துள்ள பேஸ்பால் பந்து ஒன்றும் இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா? என் ஒன்பது வயது மகனிடம் தங்க நிறப் போக்கிமான் கார்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன; அவற்றையும் சேர்த்து அனுப்பலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: லேமினேஷன் கடைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அதுதான். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம்.

ரேஷன் கார்டிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் வரை கையில் கிடைத்த எதையும் பிளாஸ்டிக்கில் போட்டு வேகவைப்பது நம் ஊர் வழக்கம். அக்கறையில் பிறந்த வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் சூட்டில் உருகும் பசை காகிதத்தோடு ஒன்றிவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. சேகரிப்பாளர்கள் கண்ணுக்கு அது மேனி கெட்ட கார்டு. அத்தோடு அதன் கதை முடிந்தது. சென்ற ஆண்டு ஒருவர் பதினோரு பழைய கார்டுகளை லேமினேட் செய்து, மூலைகளை அழகாக வளைத்து வெட்டி, ஓட்டை போட்டு வளையத்தில் கோத்து என்னிடம் எடுத்துவந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஈரத்துணியும் வேண்டாம். காகித அட்டை ஈரத்தைக் குடித்தால் உப்பும். ஹோலோ எனப்படும் மினுமினுப்புப் பகுதியின் மேல் துணியை ஓட்டினால், தூசியில் கிடக்கும் ஒரு மணல் துணுக்கே கோடு கிழித்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

இனி சாரிசார்டுக்கு வருவோம். பழைய தபால்தலை, சினிமா போஸ்டர், பாட்டுப் புத்தகம் என்று காகிதத்தோடு காலம் தள்ளுகிறவன் நான். சில ஆண்டுகளாக என் மேசைக்கு அதிகம் வருவது போக்கிமான்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் தம்பியைப் போலவே அந்த நாட்களில் அப்பாவோடு அமெரிக்கா போய்த் திரும்பிய பிள்ளைகள். ஜப்பானில் 1996 அக்டோபரில் வெளியான இந்தக் கார்டு விளையாட்டு, ஆங்கிலத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1999 ஜனவரியில். ஊர் பார்த்து, காலம் பார்த்துத்தான் உங்கள் அப்பாவை அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் கார்டின் வலது கீழ் மூலையில் 4/102 என்றும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கின்றன. 102 கார்டுகள் கொண்ட முதல் தொகுப்பில் நான்காவது, அரிய வகை என்று பொருள். இதுவரை நல்ல செய்தி. ஆனால் அந்த முதல் தொகுப்பே பல தடவை அச்சாகியிருக்கிறது. ஆரம்பத்தில் வந்த கார்டுகளில் படத்துக்குக் கீழே இடப்பக்கம் ‘முதல் பதிப்பு’ என்ற சிறிய கறுப்பு முத்திரை இருக்கும். அடுத்து வந்தவற்றில் முத்திரை இல்லை. படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழலும் இல்லை. அதனால் அவற்றை ‘நிழலற்றவை’ என்று சொல்வார்கள். மூன்றாவதாகப் படச் சட்டத்துக்கு நிழல் சேர்த்து ஏராளமாக அச்சடித்தார்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: முத்திரை இல்லை, நிழல் இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் உள்ள உரிமை வரியும் 1995, 96, 98 என்று போய் நின்டெண்டோ பெயரில் நிற்கிறது. முந்தைய இரண்டு அச்சிலும் அங்கே 99-ம் சேர்ந்திருக்கும். ஆக, உங்களுடையது மூன்றாவது வகை.

உங்கள் அத்தை மகன் எந்தச் செய்தியைப் படித்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2022 மார்ச்சில் ஒரு சாரிசார்ட் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அது முதல் பதிப்பு முத்திரை உள்ளது; கிரேடிங்கில் பத்துக்குப் பத்து வாங்கியது. கார்டுகளின் தரத்துக்கு மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்திடம் அந்தப் பத்தை வாங்கிய முதல் பதிப்புச் சாரிசார்டுகள் உலகம் முழுக்கச் சுமார் 120-தான். அந்த விலையை வைத்து உங்கள் டப்பாவை எடை போடுவது, நம் கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஒரு பங்களா விற்ற விலையைக் கேட்டுவிட்டு நம் வீட்டுத் திண்ணையை அளப்பது போல.

கிரேடிங் என்பது இதுதான்: கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அது அசல்தானா, வெட்டப்பட்டதா, பூசப்பட்டதா என்று பார்த்து, 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு, திறந்தால் காட்டிக்கொடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து, எண்ணோடு திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் பேழையைச் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்பார்கள். நாணயக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. 1986-ல் நாணயங்களுக்கு இப்படித் தொடங்கிய கலிஃபோர்னிய நிறுவனத்தின் குடும்பத்திலிருந்துதான் 1991-ல் கார்டுகளுக்கு பி.எஸ்.ஏ. வந்தது. பெக்கெட், சி.ஜி.சி. போன்ற மற்ற கிரேடிங் நிறுவனங்கள் பின்னால் வந்தன.

பார்ப்பது நான்கு விஷயங்கள்: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு. கடையில் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே உறையில் போட்ட கார்டுக்குக்கூடப் பத்து உறுதியில்லை. முன்பக்கத்தில் இடது விளிம்பும் வலது விளிம்பும் 55-க்கு 45 என்ற அளவைத் தாண்டிச் சாய்ந்திருந்தால் பி.எஸ்.ஏ.வில் பத்து கிடைக்காது. அச்சகத்தில் கத்தி ஒரு நூல் நகர்ந்ததற்கு நாம் என்ன செய்ய முடியும்?

உங்கள் மூன்றாவது படம் எனக்கு மிகவும் உதவியது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுத்திருக்கிறீர்கள். நெருப்புக்குப் பின்னால் உள்ள ஹோலோ பகுதியில், மேலிருந்து கீழாக முடி போன்ற கோடுகள் தெரிகின்றன. கார்டுகளைச் சீட்டுக்கட்டு போல ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துக் குலுக்கியதன் தடம். பின்பக்க நீலத்தில் மேல் இடது மூலை வெளுத்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் எட்டிப் பார்க்கிறது. இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இரண்டு நீள ஓரங்களிலும் சரியாக நடுவில், எதிரெதிரே, பல் பட்டது போல ஒரு சின்னக் குழி. ரப்பர் பேண்ட். பையன் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறான். சாரிசார்ட்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்திருக்க வேண்டும்.

படத்தை வைத்து மதிப்பெண் சொல்வது ஜாதகத்தை போனில் பார்ப்பது போன்றது. இருந்தாலும் சொல்கிறேன்: நான்கு அல்லது ஐந்து. அதிர்ஷ்டம் இருந்தால் ஆறு.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யாரும் ஏமாற்றுவதில்லை, தாங்களே ஏமாறுகிறார்கள். பத்து வாங்கினால் என்ன விலை என்று பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். நீங்கள் ஐந்து வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம். கை மாறிய விலையைப் பாருங்கள். உங்களுடைய அதே அச்சில், மதிப்பெண் ஐந்து வாங்கி, கடைசியாக விற்ற பத்துக் கார்டுகள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். அந்தத் தொகையிலிருந்து கிரேடிங் கட்டணம், போகும் செலவு, காப்பீடு, வரும் செலவு, திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்கக்கூடிய வரி எல்லாவற்றையும் கழியுங்கள். பிறகு, கிரேடிங் செய்யாத இதே தரக் கார்டு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து அதையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கிரேடிங் உங்களுக்குத் தரும் லாபம். கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மதிப்பைவிட உயர்ந்த கார்டாக அது அமைந்துவிட்டால், வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

மற்ற 142 கார்டுகளுக்கு இந்தக் கணக்குத் தேறாது. நட்சத்திரத்துக்குப் பதில் வட்டமோ சாய்சதுரமோ போட்ட சாதாரண கார்டுகளுக்கு நோட்டுப் புத்தக விலைதான். அவற்றைக் கட்டணம் கட்டிப் பேழையில் அடைப்பது, பத்து ரூபாய்ப் பேனாவுக்கு லாக்கர் எடுப்பதற்குச் சமம். சாரிசார்ட் ஒன்றை மட்டும் அனுப்பலாம் என்பது என் கருத்து. காரணம் மதிப்பெண் அல்ல. கோயம்புத்தூரிலிருந்து ஒரு முகம் தெரியாதவர் போடும் படத்தை நம்பி வெளிநாட்டில் ஒருவர் பணம் அனுப்ப மாட்டார். ‘அசல்’ என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொன்னால் அனுப்புவார். உள்ளூரிலேயே நேரில் காட்டி விற்பதாக இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம்.

பெங்களூர்க்காரர் 143 கார்டுக்குப் பேரம் பேசவில்லை, ஒரு கார்டுக்குப் பேசுகிறார். மற்றவை பச்சைமிளகாயோடு வரும் கறிவேப்பிலை. “சாரிசார்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், மீதி 142-ம் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். போன் சட்டென்று அமைதியாகிவிடும். என் கணக்கில் 15,000 குறைவு.

மதிப்பெண்ணை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.எஸ்.ஏ. பேழையில் அடைத்த முதல் கார்டின் கதையே ஒரு பாடம். ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட, 1909–11 காலத்துச் சிகரெட் அட்டை அது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 1991-ல் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு எட்டு போட்டது. 2007-ல் அதே கார்டு 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. அந்தக் கார்டை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியவன் நான்தான் என்று 2013-ல் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி.

அது பழைய கதை என்று நினைத்தால், புதியதும் இருக்கிறது. போக்கிமான் வெளிவருவதற்கு முன் சோதனைக்காக அச்சிட்ட மாதிரிகள் என்று சில கார்டுகள் 2024-ல் சான்றிதழோடு சந்தைக்கு வந்தன, பெரும் விலைக்கும் போயின. வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பல, கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளால் அச்சிட்ட தேதியைத் தாளிலேயே குறித்துவைக்கும். சேகரிப்பாளர்கள் சிலர் படங்களைப் பெரிதாக்கி நிறத்தைத் திருகிப் பார்த்தபோது அந்தப் புள்ளிகள் தெரிந்தன. தேதியைப் படித்தால், 1996 சரக்கு 2024-ல் அச்சாகியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் அல்லர், பொழுதுபோக்காகக் கார்டு சேர்க்கிறவர்கள். அதனால்தான் யார் என்ன சான்றிதழ் காட்டினாலும் லென்ஸைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அனுப்பும் வழி. நம் நாட்டில் பலருடைய கார்டுகளைச் சேர்த்து மொத்தமாக அமெரிக்கா அனுப்பும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களும் உண்டு. நான் ஒருமுறை ஒருவரிடம் நாற்பது கார்டுகள் கொடுத்து, பதினான்கு மாதம் கழித்து முப்பத்தெட்டு வாங்கினேன். இரண்டைப் பற்றிக் கேட்டதற்கு, “நீங்கள் எண்ணியதில் தவறு இருக்கும்” என்று பதில் வந்தது. என்னிடம் பட்டியலும் இல்லை, படமும் இல்லை, வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து, கையொப்பமிட்ட ரசீது வாங்காமல் எதையும் என் மேசையைத் தாண்ட விடுவதில்லை.

எடிசனில் இன்னும் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் வேலை எளிது. ஊருக்கு வந்து திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கிருந்தே அவர் பதிவு செய்து அனுப்பலாம், பேழை அவரிடமே திரும்பி வரும், விற்பதும் அங்கேயே நடக்கும். கார்டைக் கைப்பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை சற்று வளையக்கூடிய கெட்டி உறையில் செருகி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். கார்டின் மேல் டேப் படக் கூடாது. ரப்பர் பேண்ட் வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பந்துக்கு வருவோம். படத்தில் எல்லாக் கையெழுத்தும் ஒரே நீலம், ஒரே தடிமன். பதினைந்து இருபது பேர் ஒரே பேனாவை வாங்கி, ஒரே அழுத்தத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு ஒழுங்கு எந்த அணியிலும் இருக்காது. மைதானத்துக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்கும், கையெழுத்துகளை அச்சடித்த பந்து என்றே தோன்றுகிறது. லென்ஸில் பாருங்கள். பேனா மை என்றால் தோலின் நுண்துளைகளில் இறங்கி, கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அடர்த்தி மாறும். அச்சு என்றால் ஒரே சீராக மேலே உட்கார்ந்திருக்கும். உங்கள் அப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் விற்பார்கள். உண்மையாகவே ஏமாற்றியவர்கள் வேறு. 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் கையெழுத்து மோசடிக் கும்பல் ஒன்றைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் கிடைத்தன. கொல்கத்தாவில் அவருக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

மகனின் தங்கக் கார்டுகள் விளையாட்டுச் சாமான். பள்ளிக்கூட வாசலிலும் பேன்ஸி ஸ்டோரிலும் கட்டாக விற்பவை. போக்கிமான் நிறுவனம் அச்சிட்டவை அல்ல. அவன் பாட்டுக்கு விளையாடட்டும். ஆர்வமிருந்தால் அவனுக்கு ஒரு வித்தை காட்டுங்கள்: இருட்டறையில் மாமாவின் சாதாரண கார்டு ஒன்றின் பின்னால் செல்போன் டார்ச்சை வையுங்கள். அசல் அட்டையின் நடுவில் கறுத்த ஒரு படலம் உண்டு, வெளிச்சம் மங்கலாகத்தான் கசியும். போலிக் காகிதக் கார்டில் பளிச்சென்று ஊடுருவும்.

பத்திரப்படுத்துவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரண் வேண்டாம்; ஓட்டுச் சூடு ஆகாது. பாச்சை உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்தால், டப்பாவை வருடத்துக்கு இரண்டு முறை திறந்து பார்ப்பதே மருந்து. மழைக்காலத்தில் ஹோலோ கார்டுகள் வில்லாக வளையும்; முன்பக்க மினுமினுப்புப் படலம் ஈரத்தை ஏற்காது, பின்பக்கக் காகிதம் ஏற்கும். வளைந்தால் புத்தகத்துக்கு அடியில் வைத்து அமுக்கி நிமிர்த்தாதீர்கள். ஈரம் குறைந்தால் பெரும்பாலும் தானே சரியாகும்.

கடைசியாக, நீங்கள் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடாத ஒரு கார்டு. ஐந்தாவது படத்தில் இருக்கும் பிளாஸ்டாய்ஸ், தண்ணீர் பீய்ச்சும் ஆமை. முன்பக்கம் உங்கள் சாரிசார்டைவிட நன்றாக இருக்கிறது. பின்பக்கத்தில், வெள்ளையும் சிவப்புமான பந்துப் படத்தின் வெள்ளைப் பாதியில், பால்பாயின்ட் பேனாவால் பொடியாக ஒரு எழுத்து: ‘க’. தம்பியின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறதா? வகுப்பில் கார்டு காணாமல் போனால் அடையாளம் காட்டுவதற்காக எழுதியிருப்பான். எடிசன் பள்ளியில் அது எழுத்து என்றே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும். கிரேடிங்கில் அதற்கு ‘குறியிடப்பட்டது’ என்று போட்டு விலையைப் பாதாளத்தில் தள்ளிவிடுவார்கள். அழிக்க முயலாதீர்கள், மேற்பரப்பும் சேர்ந்து வரும். அதை விற்கும் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்துவிட்டு, பின்பக்கத்தின் படத்தைச் சிட்னிக்கு அனுப்பி, “இதையும் என் இஷ்டம்தானா?” என்று கேளுங்கள்.

மற்ற ஒன்பது ஹோலோ கார்டுகளுக்கு முன்பக்கப் படம் மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கங்களையும் எடுத்து அனுப்புங்கள். காலை பத்து மணி ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், கறுப்புத் துணி மேல் வைத்து. நட்சத்திரம் போட்டு, நிழலில்லாத கார்டு ஏதாவது அவற்றில் இருந்தால் அதைப் பார்த்த பிறகு பெங்களூர்க்காரருக்குப் பதில் சொல்லலாம்.